ஓமந்தை வழியும் ஓட்டக்களத்தின் அளவுகோலும்

ஓடுதல், பாய்தல், எறிதல் என்னும் மூன்று தொழில்களும் மனிதனோடு உடன்பிறந்தவை. விலங்கைத் துரத்தவும், விலங்குக்குத் தப்பவும், ஓடையையும் பள்ளத்தையும் கடக்கவும், தொலைவில் நின்ற இரையை வீழ்த்தவும் ஆதி மனிதனுக்கு இவை வேண்டியிருந்தன. வாழ்வுக்கு வேண்டிய தொழில் ஓய்வுக் காலத்தில் விளையாட்டாயிற்று. விளையாட்டுப் பின்னர்ப் போட்டியாயிற்று. ஆயின் போட்டி வரலாறாவதற்கு மற்றொன்று வேண்டும். அதுவே அளவு. ஊர்த் திடலில் ஒருவன் எத்துணை விரைந்து ஓடினும், ஓடிய தூரமும் சென்ற காலமும் அளந்து எழுதப்படாவிடின், கண்டவர் மறைந்தவுடன் அவ்வோட்டமும் மறைந்துபோம்.

அளவு பெறுதற்கு நான்கு வேண்டும். ஒழுங்குற அமைந்த களம் ஒன்று. யாவர்க்கும் பொதுவான விதி ஒன்று. நடுநிலை பிறழாத சான்றாளர் ஒன்று. அக்களத்தைச் சென்றடைதற்குத் திறந்த வழி ஒன்று. முதல் மூன்றையும் விளையாட்டு நூல்கள் விரித்துரைக்கும். நான்காவதாகிய வழியைப் பற்றி அவை பேசுவதில்லை. வழி எக்காலத்தும் திறந்தே கிடக்கும் என்பது அவற்றை எழுதியோரின் துணிபு போலும். வட இலங்கையின் மெய்வல்லுநர் வரலாற்றை ஆராய்வார்க்கோ அந்நான்காவதே முதலாவதாக வந்து நிற்கும். அவ்வழியில் வாயில்போல அமைந்த ஊர் ஓமந்தை.

கிரேக்கர் கண்ட களம்

கி.மு. 776 ஆம் ஆண்டில் ஒலிம்பியாவில் நிகழ்ந்த ஓட்டப்பந்தயமே, வெற்றியாளர் பெயர் குறிக்கப்பட்ட முதற் பந்தயமாகக் கொள்ளப்படுகின்றது. அதில் வென்றவன் எலிஸ் நாட்டினனாகிய கொரோய்பஸ் என்பான். அவன் தொழிலாற் சமையற்காரன் என்று பழைய நூல்கள் கூறும். களத்தின் நீளமே ஓடுதூரமாயிருந்தது. ஒலிம்பியாவில் அஃது ஏறத்தாழ 192 மீற்றர். டெல்பியிலோ ஏறத்தாழ 178 மீற்றர். ஊருக்கு ஊர் களம் வேறுபட்டமையால் ஓரூரில் ஓடியவனை மற்றோரூரில் ஓடியவனோடு ஒப்பிடுதற்கு இடமில்லாதிருந்தது. காலத்தை நுட்பமாக அளக்கும் கருவியும் அக்காலத்தில் இல்லை. எனவே கிரேக்கர் வென்றவன் பெயரை எழுதினர். அவன் வேகத்தை எழுதினாரல்லர்.

எனினும் பெயரெழுதும் அவ்வழக்கம் சிறிய காரியமன்று. நான்காண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்த அவ்விழாவைக் கொண்டே கிரேக்க வரலாற்றாசிரியர் ஆண்டுக் கணக்கை வகுத்தனர். அரசர் பெயராற் காலங் கணிப்பது பல நாட்டு வழக்கு; ஓடி வென்றவன் பெயராற் காலங் கணித்தது கிரேக்க நாடு. கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அவ்விழா நின்றது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளின் பின், 1896 ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் அது மீண்டும் தொடங்கியது. அப்பொழுதும் இக்காலத்து ஒழுங்கு முற்றாக அமைந்திருக்கவில்லை. ஓடுபாதையின் சுற்றளவு ஏறத்தாழ 333 மீற்றராகவும் வளைவுகள் மிகக் குறுகியனவாகவும் இருந்தன. வீரர் இக்காலத்தார்க்கு எதிர்ப்புறமாகச் சுற்றி ஓடினர். 1912 ஆம் ஆண்டில் அனைத்துலக மெய்வல்லுநர் சம்மேளனம் தோன்றிய பின்னரே உலகுக்குப் பொதுவான விதியும் உலக சாதனைப் பட்டியலும் நிலைபெற்றன. மரதன் ஓட்டத்துக்கு 1908 ஆம் ஆண்டு இலண்டனில் அமைந்த 42.195 கிலோமீற்றர் என்னும் தூரமும் 1921 ஆம் ஆண்டிலேயே நிலையான அளவாக ஏற்கப்பட்டது.

அளவின் நுட்பம்

இக்காலத்து ஓடுபாதை 400 மீற்றர் சுற்றளவுடையது. அவ்வளவும் உட்புற விளிம்பிலன்றி, விளிம்பினின்றும் 30 சென்றிமீற்றர் விலகிய கற்பனைக் கோட்டிலே கணிக்கப்படும். ஓடுபவன் கால் படுமிடம் அதுவென்று கொள்ளப்பட்டமையே காரணம். வெளிப்பாதையில் நிற்பவன் வளைவில் மிகுதூரம் ஓட நேருமாதலின் தொடக்கக் கோடுகள் படிப்படியாக முன்தள்ளி வரையப்படும். 100 மீற்றர், 200 மீற்றர் ஓட்டங்களிலும் நீளம் பாய்தலிலும் முப்பாய்ச்சலிலும் பின்னிருந்து வீசுங் காற்று விநாடிக்கு 2 மீற்றருக்கு மேற்படின், வெற்றி வெற்றியே. சாதனையாக மட்டும் அது பதியப்படாது. ஆடவர் எறியுங் குண்டு 7.26 கிலோகிராம், மகளிர் எறிவது 4 கிலோகிராம். ஆடவர் ஈட்டி 800 கிராம், மகளிர் ஈட்டி 600 கிராம். உயரம் பாய்தலில் ஒற்றைக் காலாலேயே எழும்புதல் வேண்டும். தொடர்ந்து மூன்றுமுறை தவறியவன் விலகுவான். இருவர் ஒரே உயரத்தைத் தாண்டின் அவ்வுயரத்தில் குறைவாகத் தவறியவனே முந்தியவன்.

இவ்விதிகள் ஆட்டத்தைக் கடினமாக்குதற்கு எழுந்தவையல்ல. தொலைவிலுள்ளவரையும் காலத்தால் முந்தியவரையும் ஒரே வரிசையில் நிறுத்துதற்கு எழுந்தவை. மலேசியத் தமிழராகிய மருத்துவர் மணி ஜெகதீசன் 1968 ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக் விழாவில் 200 மீற்றர் தூரத்தை 20.92 விநாடியில் ஓடினார். அவ்வளவு 2017 வரை அந்நாட்டின் தேசிய சாதனையாக நின்றது. அவர் ஓடியபோது பிறவாதிருந்த இளைஞர் பலரும், ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம், அவரோடு போட்டியிட்டவராயினர். எழுதப்பட்ட அளவுக்குள்ள ஆற்றல் இத்தகையது.

பள்ளித் திடலில் வந்த கலை

தமிழர் வாழ்வில் ஓட்டம் இல்லாமலில்லை. நிலவொளியில் கோடுகீறி ஆடிய கிளித்தட்டில் விரைவும் வளைந்தோடும் நுட்பமும் வேண்டும். ஆயின் அங்கு அணி வென்றது, ஆள் அளக்கப்படவில்லை. தூரமும் காலமும் குறித்து ஒருவன் திறனை எண்ணாற் சொல்லும் முறை ஆங்கிலக் கல்வியோடு வந்தது. இங்கிலாந்தில் ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் 1864 ஆம் ஆண்டில் தம்முள் மெய்வல்லுநர் போட்டி நடத்தத் தொடங்கின. அங்கிருந்து அக்கலை பள்ளிகளின் வாயிலாகக் குடியேற்ற நாடுகளுக்குப் பரவிற்று.

யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரி, பரியோவான் கல்லூரி, பத்திரிசியார் கல்லூரி, ஹாட்லிக் கல்லூரி ஆகிய மிசனரிப் பள்ளிகளும், 1890 ஆம் ஆண்டில் எழுந்த இந்துக் கல்லூரியும், 1910 இல் தோன்றிய மகாஜனக் கல்லூரியும் இக்கலையைத் தமதாக்கின. மாணவர் இல்லங்களாகப் பிரிந்தனர். ஆண்டுதோறும் புல்வெளியிற் சுண்ணாம்புக் கோடு வரையப்பட்டது. பாய்தற் குழிக்கு மணல் நிரப்பப்பட்டது. இல்லப் பந்தல்கள் அலங்கரிக்கப்பட்டன. ஆசிரியர் கையில் நிறுத்துகடிகாரமும் அளவுநாடாவும் ஏறின. பள்ளியில் வென்றவன் வட்டாரத்துக்கும், பின்னர் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிக்கும் செல்லும் படிவரிசை அமைந்தது. சேர் ஜோன் டாபட் கேடயம் என்னும் பெயர் பள்ளி மாணவர் நாவிற் பழகியதும் இவ்வாறே.

வன்னியின் நிலை வேறு. குளமும் காடும் வயலும் சூழ்ந்த அப்பெருநிலத்தில் மக்கட்தொகை குறைவு; மலேரியாக் காய்ச்சல் ஊர்களை நெடுங்காலம் மெலிவித்தது. 1940 களின் பிற்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளித்து அந்நோய் தணிக்கப்பட்டது. 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. குடியேற்றத் திட்டங்களும் மக்களைக் கொணர்ந்தன. யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் நூறாண்டுப் பழக்கம் உடையனவாயிருந்த காலத்தில் வன்னிப் பள்ளிகள் பல தம் முதல் திடலைத் துப்புரவு செய்துகொண்டிருந்தன. பள்ளிக்கு நெடுந்தூரம் நடந்து வந்த பிள்ளைகளுக்குக் காலில் உரம் இருந்தது. அவ்வுரத்தை அளக்கும் களம் பின்னரே வந்தது.

வாயிலாகிய ஊர்

ஓமந்தை வவுனியா நகருக்கு வடக்கே ஏறத்தாழ 12 கிலோமீற்றரில், கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ ஒன்பது வீதியில் உள்ளது. அதனைக் கடந்து வடக்கே செல்வோன் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்னும் ஊர்களைக் காண்பான். வடபகுதிப் புகையிரதப் பாதையும் ஓமந்தையூடாகவே செல்கின்றது. அப்பாதை 1905 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு இணைத்தது. 1956 ஆம் ஆண்டில் யாழ்தேவி என்னும் விரைவு வண்டி ஓடத் தொடங்கிற்று. அகில இலங்கைப் போட்டிகள் பெரும்பாலும் தெற்கிலேயே நிகழ்ந்தமையின், குடாநாட்டு வீரரும் வன்னி வீரரும் ஓமந்தையைத் தாண்டியே தம் திறனை அளவிக்கச் சென்றனர். வண்டி தடையின்றி ஓடிய நாளில் அவ்வூர்ப் பெயரை நினைந்து பார்த்தவர் சிலரே. வாயில் திறந்திருக்கும்வரை அதனை வாயில் என்று உணர்வார் அரியர்.

அவ்வழி திறந்திருந்த காலத்தின் நற்பயனே எதிர்வீரசிங்கம் என்னும் பெயர்.

2.03 மீற்றர்

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1934 ஆம் ஆண்டிற் பிறந்தவர். யாழ்ப்பாண மத்திய கல்லூரி மாணவர். 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் உயரம் பாய்தற் போட்டியில் இலங்கையின் சார்பாகப் பங்குபற்றியபோது அவருக்கு வயது 17. இலங்கை அதற்கு நான்காண்டு முன்னரே, 1948 ஆம் ஆண்டு இலண்டனில், தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றிருந்தது. கண்டித் திரித்துவக் கல்லூரியிற் பயின்ற டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலை 51.8 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். மாவட்டத்தாலும் மொழியாலும் வேறுபட்ட அவ்விருவரையும் உருவாக்கியது ஒரே ஏற்பாடுதான்: பள்ளித் திடல், கருத்துள்ள ஆசிரியர், நாடளாவிய போட்டி, அப்போட்டிக்குச் செல்லும் வழி.

எதிர்வீரசிங்கம் 1956 ஆம் ஆண்டு மெல்போர்ண் ஒலிம்பிக் விழாவிலும் பங்குபற்றினார். 1958 ஆம் ஆண்டு டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. இந்தியாவின் மில்கா சிங் 200 மீற்றர், 400 மீற்றர் ஆகிய இரண்டிலும் வென்றது அவ்விழாவிலேதான். அங்கு எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரத்தைத் தாண்டித் தங்கப்பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை பெற்ற முதற் தங்கம் அதுவே. 1962 ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் அவர் வெள்ளியும் வென்றார்.

2.03 மீற்றர் என்பதன் பெருமையைப் பிற அளவுகளோடு வைத்து நோக்குதல் தகும். 1896 ஆம் ஆண்டு ஏதென்சில் உயரம் பாய்தலில் வென்ற எலரி கிளார்க் தாண்டியது 1.81 மீற்றர். 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் அமெரிக்கராகிய வோல்ட் டேவிஸ் தங்கம் பெற்ற உயரம் 2.04 மீற்றர். ஆகவே, அவ்விழாவிற் பள்ளி மாணவராய் நின்ற யாழ்ப்பாண இளைஞர், ஆறாண்டில் அவ்விழாவின் வெற்றி அளவுக்கு ஒரு சென்றிமீற்றர் குறைவான உயரத்தை எட்டினார். உலகமும் அதற்குள் மேலெழுந்திருந்தது. 1956 ஆம் ஆண்டு மெல்போர்ணில் சார்ள்ஸ் டூமாஸ் 2.12 மீற்றர் தாண்டித் தங்கம் பெற்றார்.

அக்காலத்துப் பாய்ச்சலை இக்காலத்ததோடு ஒப்பிடுவோர் ஒன்றை மறத்தலாகாது. பாய்ந்தவன் அன்று வீழ்ந்தது மணலிலோ மரத்தூளிலோ ஆகும். முதுகால் வீழ்ந்தால் எலும்பு முறியும். எனவே உடலைக் குறுக்கே சாய்த்தோ, வயிறு கீழாகக் கம்பத்தின் மேல் உருட்டியோ தாண்டிக் கைகாலை ஊன்றி இறங்குதல் வேண்டும். தடித்த நுரைமெத்தை வந்த பின்னரே முதுகு கீழாகத் தாண்டும் முறை இயல்வதாயிற்று. 1968 ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் டிக் பொஸ்பரி அம்முறையால் 2.24 மீற்றர் தாண்டித் தங்கம் பெற்றார். சில ஆண்டுகளில் அது பெருவழக்காயிற்று. கியூபா நாட்டு ஹாவியர் சோட்டோமேயர் 1993 ஆம் ஆண்டில் 2.45 மீற்றர் தாண்டியதும் அம்முறையாலேயே.

எதிர்வீரசிங்கம் விளையாட்டோடு நின்றவரல்லர். அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, சியராலியோன் முதலிய நாடுகளிற் கல்விப் பணி புரிந்தார். அவர் 2024 ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய அளவோ மறையாது.

அடைபட்ட வழி

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி வடக்கே செல்வது நின்றது. தண்டவாளங்களும் காலப்போக்கிற் பெயர்க்கப்பட்டன. ஏ ஒன்பது வீதி போர்முனையாயிற்று. 1997 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வீதியைக் கைப்பற்றுதற்கு அரசபடை தொடங்கிய நடவடிக்கையாலும், 1999 ஆம் ஆண்டு நவம்பரில் விடுதலைப்புலிகள் நடத்திய எதிர்த்தாக்குதலாலும் ஓமந்தை கைமாறியது. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்பாட்டின் பின் வீதி திறக்கப்பட்டபோது, ஓமந்தையில் இராணுவச் சோதனைச் சாவடியும் அதற்கு வடக்கே புளியங்குளத்தில் புலிகளின் சாவடியும் அமைந்தன. 2006 இல் யாழ்ப்பாணத்துக்கான வீதி மீண்டும் அடைபட்டது. 2009 ஆம் ஆண்டில், போரின் இறுதி நாட்களில், வன்னி மக்கள் ஓமந்தையில் வைத்துப் பதியப்பட்டே செட்டிகுளத்து முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

இந்நிகழ்ச்சிகளின் துன்பம் பெரிது. அதன் முழுமையைச் சொல்லுதற்கு இக்கட்டுரை இடமன்று. விளையாட்டு வரலாற்றுக்குரிய பகுதி மட்டும் ஈண்டுக் கருதற்பாலது. 1990 இலிருந்து 2002 வரை பன்னிரண்டு ஆண்டுகள். அக்காலத்துள் பார்சிலோனா, அற்லாண்டா, சிட்னி என மூன்று ஒலிம்பிக் விழாக்கள் நடந்தேறின. சிட்னியிலே சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்திற் பதக்கம் வென்று, டங்கன் வைற்றின் பின் 52 ஆண்டுகளாக நிலவிய வறுமையைப் போக்கினார். பீஜிங், ஹிரோஷிமா, பாங்கொக் ஆகிய நகரங்களில் மூன்று ஆசிய விழாக்களும் நிகழ்ந்தன. மெய்வல்லுநனின் பருவமோ மிகக் குறுகியது. வழி அடைபட்டபோது 17 வயதினனாயிருந்த மாணவன், அது திறந்தபோது 29 வயதினன். எதிர்வீரசிங்கம் 17 வயதில் ஹெல்சிங்கி சென்றார். 23 வயதில் டோக்கியோவில் வென்றார். அவ்விடைப்பட்ட ஆறாண்டைப் போன்றது வன்னியின் ஒரு தலைமுறைக்கு வாய்க்கவில்லை.

அக்காலத்தில் ஓட்டம் நின்றுவிட்டதெனக் கொள்ளுதல் தவறு. இடம்பெயர்ந்த பள்ளிகளும் மரநிழலில் வகுப்பு நடத்தின. இயன்றபோது இல்லப் போட்டிகளும் நடத்தின. ஆயின் பொதுக்களத்துக்குச் செல்லும் இயல்பான போக்குவரத்து இல்லாதபோது வென்றவனை ஒப்பிட ஒருவரில்லை. பன்முறை இடம்பெயர்ந்த பள்ளி, தளபாடத்தையே சுமக்கவியலாத நிலையில், போட்டி முடிபு எழுதிய ஏட்டை எங்ஙனம் காக்கும்? கிரேக்கர் வேகத்தை எழுதாது பெயரை எழுதினர். வன்னியின் அத்தலைமுறைக்கு அப்பெயர்ப் பட்டியலும் முழுமையாக எஞ்சவில்லை.

மீண்டும் திறந்த களம்

புகையிரதம் 2011 ஆம் ஆண்டில் ஓமந்தையையும், 2013 இல் கிளிநொச்சியையும், 2014 இல் யாழ்ப்பாணத்தையும் மறுபடி அடைந்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடி 2015 ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. யாழ்ப்பாண முற்றவெளியை அடுத்த துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2016 ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டது.

வழி திறந்ததன் பயன் விரைவிலே தெரிந்தது. கோலூன்றிப் பாய்தலில் வடபகுதிப் பள்ளிகள் நாடறிய முன்னின்றன. மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் மகளிர்க்குரிய தேசிய சாதனையைப் பன்முறை புதுப்பித்தார். சாவகச்சேரி இந்துக் கல்லூரியின் புவிதரன் ஆடவர் சாதனையை உயர்த்தினார். நீண்ட கோலும் தடித்த மெத்தையும் வேண்டும் செலவு மிக்க நிகழ்ச்சியில், வசதி குறைந்த பள்ளிகள் முந்தியமை சிந்திக்கத்தக்கது. இக்கலை பெரிதும் கைமாற்றுக் கல்வி. கோலைப் பற்றுமிடம், ஊன்றும் கணம், உடலை மேலே திருப்பும் முறை ஆகியவற்றை ஒரு பயிற்றுநரும் மூத்த மாணவரும் இளையோர்க்குக் காட்டிக் கொடுத்தால், அவ்வறிவு அத்திடலிலேயே வேரூன்றி வளரும்.

வன்னிக்குரிய பெருஞ்சான்று முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையைச் சேர்ந்த திருமதி அகிலத்திருநாயகி. 2023 ஆம் ஆண்டு பிலிப்பைன்சில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், 72 வயதில், 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கமும் 800 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலமும் அவர் பெற்றார். மூத்தோர் போட்டி 35 வயதிலிருந்து ஐயைந்து வயதுப் பிரிவுகளாக வகுக்கப்படும். விரைவு நடையோ எளிதன்று. ஒரு பாதமேனும் நிலத்தை நீங்காதிருக்கவேண்டும், முன்வைத்த கால் நிலம் தொட்ட கணம்முதல் முழங்கால் மடியாதிருக்கவேண்டும். போரையும் இடப்பெயர்வையும் கண்ட மாவட்டத்து மூதாட்டியொருவர் இத்துணைக் கட்டுப்பாட்டோடு நடந்து வென்றமை பெருமைக்குரியது. உலகம் அதனைக் கண்டு வியந்தது. வரலாற்று மாணவன் அதனோடு ஒரு வினாவையும் எழுப்புதல் வேண்டும்: 72 வயதில் இவ்வாறு ஓடவல்ல கால்கள் வன்னியில் 20 வயதில் எத்தனை இருந்தன? அவற்றுள் அளக்கப்பட்டவை எத்தனை?

பள்ளிகளின் கடன்

அவ்வினாவுக்கு விடையில்லை, எழுதப்படாத அளவை எவரும் மீட்கவியலாது. இனி வருவனவற்றைக் காத்தல் மட்டுமே இயலும். அதற்கு முதலில் வேண்டியது பெரும் அரங்கன்று. சரியாக அளந்து கோடிட்ட புல்வெளியும், தோண்டிப் புரட்டிய மணற்குழியும், பிழையற்ற நாடாவும், நேர்மையுள்ள ஆசிரியர் மூவரும் போதும். வென்றவர் பெயரோடு அவர் ஓடிய காலமும் பாய்ந்த தூரமும் ஆண்டுதோறும் எழுதப்படவேண்டும். கல்லூரி ஆண்டிதழில் விளையாட்டுத்துறை அறிக்கை பெரும்பாலும் இறுதிப் பக்கங்களில் அச்சாகின்றது. படிப்போர் விரைந்து புரட்டும் பக்கம் அது. எனினும் ஐம்பதாண்டு கழிந்தபின் வரலாற்றாசிரியன் முதலில் தேடும் பக்கமும் அதுவாதல் கூடும். ஏடு ஓரிடத்தில் அழியினும் மற்றோரிடத்தில் எஞ்சுமாறு அதன் படிகள் பல இடங்களில் வைக்கப்படுதல் நன்று.

இன்று ஓமந்தைத் தரிப்பிடத்தைப் புகையிரதம் கடந்து செல்கையில், போட்டிக்குச் செல்லும் மாணவர் பலர் அவ்வூர்ப் பெயரை நோக்காதிருக்கலாம். அவ்வாறு நோக்காதிருப்பதே நற்காலத்தின் அடையாளம். ஆயினும் அவ்வழி அடைபட்டும் கிடந்ததென்பதை அறிந்த மாணவன், தன் முறை வந்து தொடக்கக் கோட்டில் நிற்கும்போது, அந்த வாய்ப்பின் விலையை அறிவான். அவனுடைய ஓட்டத்தை அளந்து எழுதுவதும், எழுதியதைக் காப்பதும் அவனைக் கற்பிக்கும் பள்ளியின் கடன்.